அப்பாவின் கம்ப்யூட்டர் எழுத்து

1994இல் எனக்குப் பத்து வயது. தாராவி 90 அடி சாலையில், தோல் பை விற்கிற கடை ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏசி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போர்டு எழுத அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். போனவரிடம் சென்டர் நடத்துகிற அண்ணாச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "எழுத்தப் பாத்ததுமே கம்ப்யூட்டர்னு தெரியணும்."

அப்பா எழுத்துப் பெயிண்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1970களில் மும்பை வந்தவர். பிரஷ், எனாமல் டப்பா, சாக்பீஸ் பொடி தடவிய நூல், இவ்வளவுதான் அவருடைய சாமான். நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் தகரத்தில் நேர்க்கோடு விழும். மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. தமிழ், இந்தி, இங்கிலீஷ் மூன்றும் எழுதுவார். ஐஸ் கடைக்குப் பனி வழிகிற எழுத்து, கோயில் கொடைக்கு வேல் முனை வைத்த எழுத்து, டெய்லருக்கு நூல் ஓடுகிற எழுத்து என்று எல்லாவற்றுக்கும் கை தயாராக இருந்தது. கம்ப்யூட்டருக்கு மட்டும் எழுத்து இல்லை. அவர் அதைத் தொட்டதுகூட இல்லை.

முன்பணத்தை அண்ணாச்சி செக்காகக் கொடுத்திருந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்து, அந்தச் செக்கை பல்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் அப்பா. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தொகையை அல்ல, அடியில் இருந்த வெள்ளைப் பட்டையை. அதில் கறுப்பு மையில் வரிசையாகச் சில எண்கள்.

"ஏட்டி, ஒன் கட்டம் போட்ட நோட்ட எடுத்துட்டு வா. இந்தா பாரு, இதத்தான் மிஷின் படிக்குதாம். பேங்க்ல சொல்லுவானுவ."

என் கணக்கு நோட்டில் அந்த எண்களை ஒவ்வொரு கட்டமாக எண்ணி, பத்து மடங்கு பெரிதாக வரைந்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி 1. இடுப்புக்குக் கீழே மட்டும் பருத்த 8. 2 மட்டும் ஒல்லியாக, எங்கேயும் சதை இல்லாமல். நான் தூங்கப் போகும்போது க-வுக்கும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த எண்களுக்கு ஈ-13பி என்று பெயர் என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1950களில் அமெரிக்க வங்கிகளில் செக்குகள் குவிந்து, கையால் பிரித்து மாளாமல் போன காலத்தில் உருவானது. பத்து எண்கள், நான்கு குறிகள், மொத்தம் பதினான்கே வடிவங்கள். பெயரில் இருக்கிற 13 என்பது 0.013 அங்குலக் கட்டத்தைக் குறிக்கும். ஒவ்வொரு எண்ணும் அந்தக் கட்டங்களால் ஆனது. உயரம் ஒன்பது கட்டம். மையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். இயந்திரம் முதலில் அதைக் காந்தமாக்கும். பிறகு மெல்லிய இடுக்கு ஒன்றைக் கடந்து எண் ஓடும். இடுக்குக்கு நேராக வருகிற மையின் அளவு கூடினால் மின் அலை ஒரு பக்கம் எழும், குறைந்தால் மறுபக்கம் எழும். அந்த அலையை வைத்துத்தான் இது 1, இது 8 என்று இயந்திரம் பிரித்து அறிகிறது. எண்களின் விசித்திரமான சதைப்பிடிப்பு அதற்காக வந்தது. ஒன்றின் அலை இன்னொன்றின் அலையைப் போல இருந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வோர் இடத்தில் மையைக் குவித்திருக்கிறார்கள்.

நம் செக்குகளின் அடியில் இன்றைக்கும் அதே எண்கள்தான். ஆறு இலக்கச் செக் எண்ணுக்கு அடுத்து வருகிற ஒன்பது இலக்கங்களில் முதல் மூன்று ஊர், அடுத்த மூன்று வங்கி, கடைசி மூன்று கிளை. மும்பைக்கு 400, சென்னைக்கு 600. பின்கோடின் முதல் மூன்று எண்களேதான்.

அப்பா என் கணக்கு நோட்டில் செய்த காரியத்தை, அதற்குச் சுமார் முப்பது வருஷம் முன்னாடியே லண்டனில் லியோ மாக்ஸ் என்பவர் செய்திருக்கிறார். செக்கின் எண்களைப் பார்த்து அதே சதைப்பிடிப்போடு ஆங்கில எழுத்துகள் முழுவதையும் வரைந்தார். அதற்கு வெஸ்ட்மின்ஸ்டர் என்று பெயர். 1970இல் பாப் நியூமன் லெட்ராசெட் நிறுவனத்துக்காக டேட்டா 70 வரைந்தார். லெட்ராசெட் தாளைக் காகிதத்தில் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும்; அச்சுக்கோக்கிறவர் தேவையில்லை. புத்தக அட்டை, இசைத்தட்டு உறை, கடை போர்டு என்று அந்த எழுத்து எங்கெங்கோ போயிற்று. எந்த இயந்திரமும் அந்த ஏ-யையோ ஆர்-ஐயோ படித்ததில்லை. செக் படிக்கிற இயந்திரத்துக்கு எழுத்தே தெரியாது, எண் மட்டும்தான். ஆனால் மனிதர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் "எதிர்காலம்" என்று படித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. வங்கிக் குமாஸ்தாவின் வேலையைக் குறைக்க இன்ஜினியர்கள் போட்ட கட்டம், ஒரு தலைமுறைக்கே விண்வெளிக் கனவாக ஆகியிருக்கிறது.

எதிர்காலம் என்று சொல்லிக்கொண்டு வந்த கட்டை எழுத்துகளில் இன்னொரு வம்சம் இத்தாலியில் இருக்கிறது. டுரின் நகரத்து நெபியோலோ அச்சு வார்ப்பகத்தில் 1952இல் அலெசாந்த்ரோ புட்டியும் ஆல்டோ நொவாரேசேவும் செய்த மைக்ரோகிராமா. பெரிய எழுத்துகள் மட்டும். அகலமாக, பழைய டிவி திரையைப் போல மூலை மட்டும் மழுங்கிய சதுரங்கள். 1962இல் நொவாரேசே அதற்குச் சின்ன எழுத்துகளையும் சேர்த்து யூரோஸ்டைல் ஆக்கினார். விண்கலத்தின் கதவிலும் கட்டுப்பாட்டு அறைத் திரையிலும் சினிமாக்காரர்கள் அதையே வைத்து வைத்து, இன்றைக்கு அந்த எழுத்தில் "கேன்டீன்" என்று எழுதினால்கூட ராக்கெட்டுக்குள் இருக்கிற கேன்டீன் என்றுதான் தோன்றும். 1975இல் நாசாவுக்கு டான்னே அண்ட் பிளாக்பர்ன் என்ற வடிவமைப்பு நிறுவனம் செய்து கொடுத்த சிவப்பு எழுத்துச் சின்னத்தில், ஏ எழுத்துகளுக்கு நடுக்கோடே கிடையாது. ஆனாலும் எல்லோரும் நாசா என்றே படித்தார்கள். 1992இல் அதை எடுத்துவிட்டார்கள், 2020இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓர் எழுத்திலிருந்து எதையெல்லாம் கழற்றலாம், எதைக் கழற்றினால் எழுத்தே செத்துவிடும் என்பதற்கு அந்த ஏ எனக்குப் பாடம். ஆனால் அது ஆங்கிலத்தின் பாடம். தமிழில் வைத்துப் பார்த்தபோதுதான் சிரமம் தெரிந்தது.

அப்பாவின் போர்டுக்கு வருகிறேன். மஞ்சள் தரையில் கறுப்பு எழுத்து. "கம்ப்யூட்டர்" என்ற சொல் மட்டும் பூட்ஸ் போட்ட எழுத்தில். அதன் கீழே "பயிற்சி நிலையம்" என்று அவருடைய வழக்கமான உருட்டு எழுத்தில் சிவப்பாக. சாலையின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த ஒரு சொல் இயந்திரம் பேசுகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் சிநேகிதிகளிடம் காட்டுவேன். அதன்பிறகு எஸ்டிடி பூத், டிவி மெக்கானிக், கேபிள் ஆபீஸ் என்று ஏழெட்டுப் பேர் "அந்த எழுத்துதான் வேணும்" என்று வந்தார்கள். 

ஏன் மற்ற சொற்களையும் அப்படி எழுதவில்லை என்று அப்பாவிடம் அப்போது கேட்கவில்லை. காரணம் இப்போது தெரிகிறது. க, ம், ப், யூ, ட், ட, ர். தமிழ் எழுத்துகளிலேயே பெட்டிக்குள் அடங்குகிற எழுத்துகளாகப் பொறுக்கி எடுத்து யாரோ செய்து கொடுத்த மாதிரியான சொல் அது. ட என்பது ஒரு செங்கோணம், அவ்வளவுதான். ப மூன்று கோடு. ம-வும் ய-வும் அதற்கு அக்கா தங்கை. யூ-வின் வாலும் க-வின் வளைவும்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அப்பாவுக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தது, அதை அவர் உணர்ந்தும் இருந்தார். "நிலையம்" என்பதில் லை இருக்கிறது. அதைப் பெட்டிக்குள் அடைக்க அவர் மெனக்கெடவே இல்லை.

நான் எழுத்துத் தொழிலுக்கு வந்தது பிரஷ் வழியாக இல்லை. ஃபிளக்ஸ் வந்து அப்பாவின் தொழிலைப் படுக்க வைத்தபிறகு, சயான் பக்கம் ஒரு ரேடியம் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்சி, ஆட்டோ, டெம்போவின் கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். மும்பை டாக்சியின் பின்கண்ணாடியில் மகன் பெயரையும் சாமி பெயரையும் அடுக்கு அடுக்காக, இரண்டு மூன்று நிறத்தில், கூரான மூலைகளோடு வெட்டி ஒட்டுவார்கள். கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போனபோது எனக்கு வண்டியைவிட அந்தக் கண்ணாடிகளை நினைத்துத்தான் வருத்தம். அந்தக் கடையில்தான் ஸ்டிக்கர் வெட்டுகிற பிளாட்டர் மிஷினை ஓட்டக் கற்றேன், வெட்டிய வினைல் தாளை உரிக்கக் கற்றேன், பிறகு சொந்தமாக எழுத்து வரையக் கற்றேன்.

போன வருஷம் எங்கள் தெருப் பையன்கள் வந்தார்கள். கபடி அணி. களத்தில் ஏழு, வெளியே ஐந்து, ஆக பன்னிரண்டு ஜெர்சி. முதுகில் பெயர் தமிழில் வேண்டும். "அக்கா, இங்கிலீஷ்ல போடுற மாதிரி கெத்தா, கட்டையா, ரோபோ மாதிரி." இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் கம்ப்யூட்டர் எழுத்தை முழு அரிச்சுவடியாக ஆக்குவது. ஒரு மாதம் ராத்திரியெல்லாம் வரைந்தேன். எல்லா எழுத்துக்கும் ஒரே சதுரம், எல்லாக் கோட்டுக்கும் ஒரே தடிமன், மூலைகள் லேசாக மழுங்கியவை. திரையில் பெரிதாக வைத்துப் பார்க்க அற்புதமாக இருந்தது.

அணியின் கேப்டனை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெர்சியிலும் அதுவே போதும் என்றார். வெட்டி, உரித்து, சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தேன். பயிற்சியின்போது போய்ப் பார்த்தேன். களத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தால் முத்து தெரிகிறது, பாபு தெரிகிறது, அண்ணனின் முதுகில் நான்கு வெள்ளைக் கட்டிகள் தெரிகின்றன. சோப்புக் கட்டியை வரிசையாக வைத்த மாதிரி. ஒரு பையன் அதைக் கண்ணன் என்று படித்தான், இன்னொருவன் மன்னன் என்றான். பன்னிரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். துணிக்கான காசு என் கையை விட்டுப் போனது. ஆனால் காசைவிட, தமிழுக்கு இது வராதோ என்கிற பயம்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவிடம் கொண்டுபோனேன். இப்போது அவருக்கு எழுபத்து மூன்று. கண்புரை எடுத்தாயிற்று, கை நடுக்கம் இருக்கிறது. ஜெர்சியைச் சந்தின் எதிர்ச் சுவரில் ஆணியில் மாட்டச் சொன்னார். வாசல்படியில் உட்கார்ந்து, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு பார்த்தார். போர்டு எழுதி முடித்ததும் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். கண்ணைச் சுருக்கினால் கோடு மறைந்து கறுப்பும் வெளுப்பும் மட்டும் நிற்கும், எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"மூணு சுழி எங்கட்டி?"

"இருக்குப்பா. கிட்டப் போய்ப் பாருங்க."

"கிட்டப் போயி பாக்கதுக்கு எதுக்கு முதுவுல எழுதணும்? ஒண்ணாங் கிளாஸ்ல வாத்தியார் என்ன சொல்லிக் குடுத்தாரு? மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. எண்ண முடியலன்னா அது எழுத்தே இல்ல."

அவர் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. நாம் ண-வையும் ன-வையும் பெயர் சொல்லிப் பிரிப்பதே எண்ணிக்கையால்தான். மூன்று சுழி, இரண்டு சுழி. சுழி வட்டமாக இருக்க வேண்டும் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அது சதுரமாக இருக்கலாம், எண்கோணமாக இருக்கலாம், எண்ண வந்தால் போதும். நான் வட்டத்தைச் சதுரமாக்கியதில் தப்பே இல்லை. எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனாகப் போட்டு, சுழிகளுக்கு நடுவே இருந்த வெளுப்பைத் தின்றதுதான் தப்பு. ஒரு சுழி கூடினால் ஓர் இடுக்கு கூடும். ஒரே அகலச் சதுரத்துக்குள் ண-வையும் அடைத்தால் இடுக்குகள் நூலாகிவிடும்.

அப்பாவின் செக் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. ஈ-13பியில் எந்த எண்ணும் முழுவதும் தடிமனாக இல்லை. 1-க்கு காலில் மட்டும் சதை. 8-க்கு இடுப்புக்குக் கீழே. மீதி எல்லாம் ஒல்லிக் கோடு. எட்டி நின்று பார்க்கும்போது கட்டையாகத் தெரிகிறதே தவிர, கிட்டத்தில் பாதி எழுத்து மெலிசுதான். இடுக்கைக் கடந்து எண் ஓடும்போது இயந்திரம் மையை அளக்கிறது. வரியில் கண் ஓடும்போது தமிழ்ப் பிள்ளை சுழியை எண்ணுகிறது. இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஓர் எழுத்து மற்றொன்றிலிருந்து எங்கே வேறுபடுகிறதோ அங்கே தெளிவு வேண்டும். வேறுபடாத இடத்தில் எவ்வளவு மையை வேண்டுமானாலும் கொட்டலாம்.

அப்படியே திரும்ப வரைந்தேன். ண, ன இரண்டிலும் கடைசியாக இறங்குகிற வலப்பக்கக் காலுக்கு மொத்தச் சதையையும் கொடுத்தேன். சுழிகள் இருக்கிற இடப்பக்கம் ஒல்லிக் கோடு. ஒரே சதுரம் என்ற பிடிவாதத்தை விட்டேன். ண-வுக்கு ட-வைப்போல இரண்டு மடங்கு அகலம். மைக்ரோகிராமா மாதிரி வரிசை வரிசையாக ஒரே பெட்டி அளவில் எழுத்துகள் நிற்பதில் ஒரு ராணுவ அழகு இருக்கிறது, அது தமிழில் வராது. தமிழ் வரி எப்போதும் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிதான். பெரியவர், சின்னவர், மடியில் பிள்ளையோடு ஒருத்தி என்று உட்காருவார்கள். அதை நேராக்கப் போனால் முகம் போய்விடும்.

அடுத்து ர. ராஜா என்று ஒரு பையன். ர-வின் கீழே சாய்வாக ஒரு வால் உண்டே, அதை முதல் தடவை அழகுக்காக வெட்டியிருந்தேன். ர-வும் துணைக்காலும் ஒன்றாகிவிட்டது; பெயர் மூன்று காலும் ஒரு ஜ-வுமாக நின்றது. நாசாவின் ஏ நடுக்கோடு இல்லாமல் பிழைக்கும், நம் ர வால் இல்லாமல் பிழைக்காது. வாலைத் தடிமனான ஒரு சாய்வெட்டாகத் திரும்பக் கொடுத்தேன். இப்போது அதுதான் இந்த எழுத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வெட்டு.

புள்ளி விஷயத்தில் அப்பாவோடு சண்டையே வந்தது. தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்கும், கீழே உகர வாலும் இருப்பதால் வரியின் உயரம் கூடிக்கொண்டே போகும். கட்டை எழுத்தின் பலமோ மேலும் கீழும் தட்டையாக நிற்பதில்தான். ட்-இல் செங்கோணத்துக்குள் வெற்றிடம் இருக்கிறதே, புள்ளியை அதற்குள் இறக்கிவிடலாம் என்று பார்த்தேன். காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா! அப்பா ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். "புள்ளி தலைக்கு மேல இருக்கணும். உள்ள வச்சா ட்-ஆ, பூட்டான்னு நிப்பான் படிக்கிறவன்." நான் விடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முட்டு" என்பதை "முடடு" என்று திக்கித் திக்கிப் படித்தார்கள். புள்ளி மேலே போனது. ஆனால் எழுத்தின் மேல்விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டி அதில் பாதி புதைய வைத்தேன். அதற்கு அப்பா தலையாட்டினார். புள்ளியைச் சதுரமாக்கவில்லை. மொத்த அரிச்சுவடியிலும் வட்டமாக இருப்பது அது ஒன்றுதான், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது.

சிலர் என்னிடம் வருத்தமாகக் கேட்டார்கள், வட்டெழுத்துப் பாரம்பரியம் உள்ள மொழியை ஏன் பெட்டியில் அடைக்கிறாய் என்று. தமிழ் உருண்டைதான், கோணம் அந்நியம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மதுரைக்குப் பக்கத்து மாங்குளம் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அந்த எழுத்து முறையில் க என்பது வெறும் கூட்டல் குறி. இரண்டு நேர்க்கோடு குறுக்கே வெட்டினால் க. இன்றைக்கு எனக்கு வளைவைக் காட்டி முரண்டு பிடிக்கிற அதே க. அதைவிட ஆச்சரியம் ட. இன்று செங்கோணமாக நிமிர்ந்து நிற்கிற ட அன்றைக்கு அரைவட்டம். கோணம் வளைந்திருக்கிறது, வளைவு கோணமாகியிருக்கிறது. கல், ஓலை, அச்சு ஈயம் என்று ஒவ்வொரு பொருளும் எழுத்தைத் தன் பங்குக்கு மாற்றியிருக்கிறது. 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியபோதுகூட, பெரியார் 1935இலேயே தன் ஏட்டில் அச்சிட்டுக் காட்டியிருந்த வடிவங்கள்தான் வந்தன. தும்பிக்கை வைத்த அந்தப் பழைய லை-யை அப்பா 1990கள் வரை போர்டில் எழுதினார். கேட்டால் "இடம் மிச்சம்" என்பார். உண்மைதான். அது ஒரே எழுத்தாக நிற்கும். இப்போதைய லை-யில் முன்னாலொரு இணைக்கொம்பு தனியாக இடம் கேட்கிறது. அகலக் கட்டை எழுத்தில் அந்தக் கொம்பு ஒன்றே முக்கால் அடி சாப்பிடும்.

இடம் என்றதும் பேட்டரி கடை ஞாபகம் வருகிறது. மகாராஷ்டிரத்தில் 2022இல் சட்டத்தைத் திருத்தி, சின்னக் கடைகள் உட்பட எல்லாக் கடைக்கும் மராத்தியில் பெயர்ப்பலகை வேண்டும், அந்த எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது என்றார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடைக்காரர்களுக்கு இரண்டு மாதம் கெடு கொடுத்ததும், தாராவி முழுக்க போர்டு மாற்றுகிற வேலை. பேட்டரி கடை அண்ணாச்சிக்கு மராத்தி, தமிழ், இங்கிலீஷ் மூன்றும் ஒரே போர்டில், மூன்றும் கட்டை எழுத்தில் வேண்டும் என்று ஆசை. தேவநாகரிக்கு இந்த எழுத்து பிறவிப் பொருத்தம். தலைக்கோடு இருக்கிறதே, அதைத் தடிமனாக்கினால் கட்டடத்து உத்தரம் மாதிரி ஆகிவிடும். எழுத்துகள் அதிலிருந்து தொங்கும், மேல்விளிம்பு தானாகவே நேராகும். தமிழுக்கு அந்த உத்தரம் இல்லை. மூன்றையும் ஒரே உயரத்தில் வைத்தபோது தமிழ் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி தெரிந்தது. தமிழின் உடம்பை ஒரு பங்கு உயர்த்தி, விலங்கையும் வாலையும் குட்டையாக்கியபிறகுதான் மூன்றும் தோளோடு தோள் நின்றன. "இப்பத்தாம்மா மூணும் ஒரே கம்பெனி பேட்டரி மாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி.

இந்த வேலைக்குத் தைரியம் கொடுத்ததும் இதே ஊரில் பிறந்த ஓர் எழுத்துதான். மும்பையில் இருக்கிற எக் டைப் என்ற எழுத்துருக் குழு 2022இல் அனேக் என்று ஒன்றை வெளியிட்டது. தமிழ், தேவநாகரி, குஜராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்று பத்து எழுத்துமுறைகளுக்கு. மாத்திரை மாதிரி பக்கவாட்டில் நேராகவும் முனையில் உருண்டும் இருக்கும். எட்டுத் தடிமன், ஐந்து அகலம். கூகுள் ஃபான்ட்ஸில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசு இல்லை. அதன் மிக அகலமான, மிகத் தடிமனான தமிழை முதன்முதலில் திரையில் தட்டிப் பார்த்த அன்று நான் ண-வைத்தான் தட்டினேன். சுழிகளை எண்ண முடிந்தது.

எங்கே இந்த எழுத்தை வைக்கலாம் என்பதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. ஜெர்சி, சவுண்ட் சர்வீஸ், பேட்டரி, ஜிம், பைக் மெக்கானிக், பொங்கலுக்கு 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைக்கிற அன்று மேலே கட்டுகிற வளைவு. சொல் ஒன்றோ இரண்டோ, எட்டி நின்று பார்ப்பது, சத்தமாகச் சொல்ல வேண்டியது. அதற்கு மேல் மூன்றாவது வரி எழுதினாலே கண் களைத்துவிடும். டாக்டர் போர்டில் நேரம் எழுத இதை எடுக்கவே கூடாது. ஆறா எட்டா என்று காய்ச்சலோடு நிற்கிற ஆளைத் தடுமாற விடுவது பாவம். போன மாதம் ஒரு சந்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் ஒன்று பார்த்தேன். அறுபது வயது அம்மா, கழுத்தில் மாலை, கீழே பெயர் விண்வெளிச் சினிமா எழுத்தில், உலோகப் பளபளப்போடு. எழுத்தை யாரும் வேண்டுமென்று அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள். பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தியிருப்பார்கள். எனக்கு அந்த இடத்தைக் கடக்கவே மனசு வரவில்லை. அந்த அம்மா பெயருக்கு ஒரு மெலிந்த, உருண்ட எழுத்து கிடைத்திருக்க வேண்டும்.

ஜெர்சிகள் இரண்டாம் தடவை தயாரானபோது அப்பாவையும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கேப்டன் எங்களைப் பார்த்ததும் திரும்பி நின்று முதுகைக் காட்டினார். அப்பா கண்ணைச் சுருக்கவில்லை. விரலை நீட்டி, காற்றிலேயே தொட்டுத் தொட்டு எண்ணினார். மூன்று, மூன்று, இரண்டு.

அணியில் புதிதாக ஒருவன் சேர்ந்திருக்கிறான், பெயர் அழகு. ழ இன்னும் சரியாக வரவில்லை. கீழே இறங்கித் திரும்புகிற சுழியைச் சதுரமாக்கினால் மு மாதிரி தெரிகிறது, விட்டால் ஜெர்சியில் அது மட்டும் வேறு ஊர் எழுத்தாக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.